ஐரிஷ் வெட் ஃப்ளை கட்டும்போது வெளிச்சத்துக்கு இடம் விடுங்கள்

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிவிடுகிறேன். அயர்லாந்தின் கால்வேக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன குளிர்காலத்தில் வீடியோ பார்த்து, ட்ரவுட் மீனுக்கான வெட் ஃப்ளை கட்டப் பழகினீர்கள். தூண்டில் முள்ளில் மயிரும் இறகும் கட்டி, பூச்சி போலத் தோன்றும்படி நீரில் நனைய விடும் போலி இரை அது. கட்டியவை கடைச் சரக்கு போலவே இருக்கின்றன. ஆனால் காரிப் ஏரியில் ஒரே படகில் கூட உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க்காரருக்கு மீன் எழும்புகிறது, உங்களுக்கு எழும்பவில்லை. எங்கே தவறு, எந்த ஃப்ளையில் தொடங்கலாம், உடலுக்குச் சீல் (கடல்நாய்) மயிர் கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே நீங்கள் கட்டிய பிபியோ, கிளாரட் பம்பிள், கிரீன் பீட்டர் என்ற மூன்று ஃப்ளைகளின் படங்கள்.

படங்களைப் பார்த்ததுமே பாதி விடை கிடைத்துவிட்டது. உங்களுடையது சுத்தமான கை, ஆனால் சுத்தம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. உடலைக் கயிறு மாதிரி முறுக்கியிருக்கிறீர்கள். அதன் மேல் கோழி இறகை ஒன்பது பத்துச் சுற்று நெருக்கிச் சுற்றியிருக்கிறீர்கள். இதை ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், கறுப்புக் கட்டியாகத்தான் தெரியும். மீனுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

ஏன் என்று புரிய, அந்த ஏரிகளில் எப்படி மீன் பிடிக்கிறார்கள் என்பதிலிருந்து வர வேண்டும். படகின் எஞ்சினை அணைத்துவிட்டுக் காற்றுக்குக் குறுக்கே விடுவார்கள். படகு பக்கவாட்டில் மெல்லத் தள்ளிக்கொண்டு போகும். இருவரும் காற்று போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, பத்துப் பதினோரு அடித் தூண்டில் கோலால் அதிக தூரம் இல்லாமல் முன்னால் வீசி இழுப்பார்கள். தூண்டில் நரம்பில் மூன்று ஃப்ளை இருக்கும். நுனியில் ஒன்று, நடுவில் ஒன்று, கோலுக்குக் கிட்டே ஒன்று. இந்த மூன்றாவதுக்குத்தான் பாப் ஃப்ளை என்று பெயர். கோலை உயர்த்தும்போது அது அலையின் முதுகில் கீறிக்கொண்டே வரும். ட்ரவுட் அதைக் கீழிருந்து, வானத்தைப் பின்னணியாக வைத்துப் பார்க்கிறது. மேகம் மூடிய நாளிலும் வானம் நீரை விட வெளிச்சம்தான். உடலுக்குள்ளும் இறகு இழைகளுக்கு நடுவிலும் வெளிச்சம் புகுந்து வந்தால்தான் நிறம் நிறமாகத் தெரியும். புகாவிட்டால் சிவப்பும் கறுப்பு, பச்சையும் கறுப்பு.

இந்த விஷயத்தை விடாப்பிடியாக யோசித்தவர் ஒரு நீதிபதி. டி. சி. கிங்ஸ்மில் மூர், அயர்லாந்தின் உச்ச நீதிமன்றத்தில் இருந்தவர். இங்கிலாந்தின் டெர்பிஷயர் ஆறுகளில் பம்பிள் என்று சின்னச் சின்ன ஃப்ளைகள் உண்டு. அவற்றை ஏரிக்கேற்ற அளவில் பெரிதாக்கினார். இரண்டு நிற இறகுகளை ஒன்றாகச் சேர்த்து உடல் நெடுகச் சுற்றினார். கழுத்தில் ஜே பறவையின் நீல இறகை வைத்தார். கிளாரட் பம்பிள், கோல்டன் ஆலிவ் பம்பிள் எல்லாம் அவர் கைவேலை. இவை எந்தப் பூச்சிக்கும் அச்சு அசல் நகல் இல்லை. ஏதோ உயிருள்ள ஒன்று அலையில் தத்தளிக்கிறது என்ற தோற்றம்தான் வேண்டும். கடையில் கிடைக்கிற பம்பிள்களில் பாதி இந்தத் தோற்றத்தைத் தொலைத்துவிட்டு நிற்கின்றன. வாங்குகிறவர் கண்ணுக்காகக் கட்டியவை அவை. அதைப் பார்த்துப் பழகியதில் உங்கள் மேல் குற்றமில்லை.

சரி, சீல் மயிர். 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சீல் பொருள்களின் வணிகத்துக்குத் தடை இருக்கிறது. பழைய பொட்டலங்கள் பல கட்டுநர்களின் டப்பாக்களில் இன்னும் கிடக்கின்றன. உங்களுக்கு அது வேண்டாம். சீல் மயிரின் சிறப்பே அது விறைப்பாக, கண்ணாடி இழை போல மின்னும், நனைந்தாலும் ஒட்டிப் படியாது என்பதுதான். இந்தக் குணம் உள்ள எதுவும் உதவும். அங்கோரா ஆட்டு மயிர் நன்றாகவே வேலை செய்கிறது, நான் இப்போது பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். செயற்கை இழையில் 'சீல் மாற்று' என்று விற்பதும் மோசமில்லை. முயல் மயிரை மட்டும் விட்டுவிடுங்கள். திரிக்க ரொம்பச் சுலபம், அதனால்தான் புதிதாகக் கட்டுகிறவர்களுக்குப் பிடிக்கும். நனைந்ததும் ஈரப் பஞ்சு மாதிரி சுருண்டுவிடும். உங்கள் கிரீன் பீட்டரின் உடல் முயல் மயிர் என்றுதான் நினைக்கிறேன்.

பொருளை விட நிறக் கலவைதான் பெரிது. பொட்டலத்திலிருந்து எடுத்து அப்படியே கட்டாதீர்கள். கோல்டன் ஆலிவ் வேண்டும் என்றால் நான் தங்க மஞ்சளில் மூன்று சிட்டிகை, ஆலிவில் இரண்டு சிட்டிகை, ஆரஞ்சில் அரைச் சிட்டிகை எடுப்பேன். இரண்டு கையாலும் பிய்த்து ஒன்றன் மேல் ஒன்று வைத்து, மறுபடி பிய்த்து, இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை. முழுதும் கலந்து ஒரே நிறம் ஆவதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். தள்ளி வைத்துப் பார்த்தால் ஒரு நிறம், கிட்டே வைத்துப் பார்த்தால் மூன்று நிறம். அதுதான் பதம்.

சாயம் என்றதும் ஒரு கதை. டொனிகால் மாவட்டத்து பாலிஷானன் ஊரில் ரோகன் குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டில் ஃப்ளை கட்டிப் பேர் வாங்கியவர்கள். அவர்களுடைய ஃபைரி பிரவுன் நிறம், தணல் உள்ளே எரிகிற மாதிரி ஒரு பழுப்பு, வேறு யாருக்கும் வரவில்லையாம். ரகசியம் கழுதை மூத்திரத்தில் ஊறவைத்த சாயம் என்று இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நம் ஊர்ச் சாயப்பட்டறைக் கதைகள் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. உங்கள் அடுக்களையில் முயன்று பார்க்க வேண்டாம், அவ்வளவுதான்.

எதில் தொடங்கலாம்? பிபியோ. மேயோ மாவட்டத்தின் பரிஷூலில் மேஜர் சார்ல்ஸ் ராபர்ட்ஸ் உருவாக்கியது. கறுப்பு உடல், நடுவில் ஒரு சிவப்புப் பட்டை, வாலும் இல்லை, சிறகும் இல்லை. ஹெதர் என்ற புதர்ச் செடிகளிலிருந்து காற்றில் அடித்து ஏரியில் விழும், தொடை சிவந்த ஒரு கறுப்பு ஈயை அது நினைவூட்டுகிறது. சிறகு இல்லாததால் உங்கள் கவனம் முழுக்க உடலிலும் இறகிலும் நிற்கும். இதை ஐம்பது கட்டிய பிறகு மற்றவை தானாக வரும்.

இதை மட்டும் படிப்படியாகச் சொல்கிறேன். பத்தாம் நம்பர் முள், கொஞ்சம் கனமானது. நான் கமசான் பி175 எடுப்பேன். முள்ளைப் பிடித்து நிறுத்தும் வைஸ் கருவியில் பொருத்துவதற்கு முன்பே, முனைக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் அமுக்கிவிடுங்கள், உடைந்தால் அப்போதே உடையட்டும். கறுப்பு நூலை முள்ளின் கண்ணுக்கு இரண்டு மில்லிமீட்டர் பின்னால் தொடங்குங்கள். அந்த இரண்டு மில்லிமீட்டருக்குள் கடைசி வரை எதுவும் வரக்கூடாது. புதியவர்கள் எல்லோரும் இடம் தீர்ந்துபோவது இங்கேதான். தலையில் நூல் முட்டிக்கொண்டு, கண்ணை அடைத்துக்கொண்டு நிற்கும். உங்கள் பம்பிள் படத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

கோழி இறகைத் தலைப் பக்கத்தில் கட்டிவிட்டு அப்படியே தொங்க விடுங்கள். நூலைப் பின்னால் கொண்டுபோய், முள் வளையத் தொடங்கும் இடத்தில் வெள்ளி ஜரிகையைக் கட்டுங்கள். இனி உடல். நூலில் மெழுகை லேசாகத் தடவி, நீங்கள் தேவை என்று நினைக்கும் அளவில் பாதி மயிரை எடுங்கள். விளக்குக்குத் திரி திரிப்பது போலக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரே திசையில் உருட்டுங்கள். திரியை அம்மா இறுக்கித்தான் திரிக்கச் சொல்லியிருப்பார். இங்கே தளர்வாக. நூலைச் சுற்றி மயிர் நிற்க வேண்டும், நூலோடு மயிர் ஒன்றாகிவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு கறுப்பு, ஒரு பங்கு சிவப்பு, மறுபடி கறுப்பு. முன்னால் வரவர ஒரு துளி பருக்கட்டும்.

இப்போது இறகு. தலையிடத்தில் ஒட்டி ஒட்டி இரண்டு சுற்று. அங்கிருந்து பின்னோக்கி, உடலின் நீளத்துக்கு அகலமான நாலைந்து சுற்று, அதற்கு மேல் வேண்டாம். பின்னால் வந்ததும் இறகின் நுனியை இடுக்கியில் தொங்க விட்டு, ஜரிகையை எடுத்து இரண்டு சுற்றால் அந்த நுனியை அமுக்குங்கள். பிறகு ஜரிகையை முன்னோக்கிச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு சுற்றும் இறகின் தண்டைக் குறுக்கே கடந்து அமுக்கும். ஜரிகையை இடமும் வலமுமாக லேசாக ஆட்டிக்கொண்டே வந்தால் இழைகள் அடியில் மாட்டாமல் விலகும்.

இந்த முறை ஏன் என்று எனக்குப் புரிய ஒரு மாதம் பிடித்தது. முதல் சீசனில் நான் இறகைப் பின்னால் கட்டி முன்னோக்கிச் சுற்றினேன். ஜரிகையும் அதே திசையில், அதன் பக்கத்திலேயே ஓடியது. பார்க்க வெகு நேர்த்தி. மூன்றாவது மீனின் பல் பட்டதும் தண்டு அறுந்து, இறகு முழுக்க அவிழ்ந்து சுருள் சுருளாகத் தொங்கியது. அன்றைக்குப் பெட்டியில் இருந்த பன்னிரண்டும் அதே ஜாதி. ட்ரவுட்டின் பல் சின்னதுதான், ஆனால் நிறைய.

கடைசியாகக் கழுத்துக்கு ஒரு மென்மையான பெட்டைக்கோழி இறகு, உடலில் இருப்பதை விட நீளமான இழைகள் உள்ளது, இரண்டே சுற்று. இழைகளைப் பின்னால் தடவி, நூலால் சின்னத் தலை கட்டி, முடிச்சுப் போட்டு, ஒரு சொட்டு வார்னிஷ். அதோடு வேலை முடியவில்லை. ஊசி முனையால் உடலின் அடிப்பக்கத்து மயிரைக் கிளறி வெளியே இழுங்கள். கலைந்து, சிலிர்த்து, கொஞ்சம் அசிங்கமாக ஆக வேண்டும். முதல் தடவை மனசு வராது. பூ தொடுக்கிற கை இறுக்கிக் கட்டித்தான் பழகியிருக்கும்.

பிபியோ கைக்கு வந்தபின் கிளாரட் பம்பிள். கோல்டன் பெசன்ட் பறவையின் கழுத்து இறகில் ஆரஞ்சு இழைகளும் கறுப்புக் கோடும் இருக்கும், அதில் நாலைந்து இழை வாலுக்கு. உடல் கிளாரட் நிற (ஒயின் சிவப்பு) மயிர், தங்க ஜரிகை. கறுப்பு இறகு ஒன்று, கிளாரட் சாயம் ஏற்றிய இறகு ஒன்று, இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒன்றாகச் சுற்ற வேண்டும். இரண்டு இறகு என்பதால் சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடாதீர்கள், மூன்று நாலு போதும். கைக்கு வராதது கழுத்தில் வைக்கிற ஜே இறகுதான். நீலமும் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக, பார்க்க அவ்வளவு அழகு, சுற்ற அவ்வளவு கொடுமை. தண்டு தடிமனாக இருக்கும், வளைத்தால் முறியும். நுனியிலிருந்து பிளேடால் தண்டை நெடுகப் பிளந்து, நீலம் இருக்கும் பாதியை மட்டும் எடுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றுப் பகுதியை நகத்தால் சுரண்டுங்கள். ஈர டிஷ்யூ காகிதத்தில் பத்து நிமிடம் சுற்றி வைத்தால் வளையும். அப்போதும் மூன்றில் ஒன்று முறியும். கோபம் வந்தால் நீலச் சாயம் போட்ட கினிக்கோழி இறகு வாங்கிக்கொள்ளுங்கள். மீன் இதுவரை என்னிடம் புகார் சொன்னதில்லை.

சிறகு உள்ளவற்றுக்கு அவசரப்படாதீர்கள். கன்னிமாரா பிளாக் ஒரு நல்ல பழைய ஃப்ளை: கறுப்பு உடல், வெள்ளி ஜரிகை, கறுப்பு இறகின் மேல் ஜேயின் நீலம், மேலே மல்லார்ட் வாத்தின் வெண்கல நிற இறகில் சிறகு. சென்னையில் படித்தவர்களுக்குப் பெயர் காதில் விழுந்ததும் எழும்பூர் நினைவு வரும். அது தற்செயல் இல்லை. மதராஸ் கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பட்டப்பெயர் உங்கள் கால்வே மாவட்டத்து மேற்குப் பகுதியிலிருந்து வந்தது. நூலகத்துக்கு அவர் பெயர். ஃப்ளைக்கு ஊர் பெயர்.

அந்த மல்லார்ட் இறகு பிசாசு. சிறகு வடிவத்தில் வெட்டிக் கட்டினால் நூல் இறுகியதும் பிளந்துகொள்ளும். அதனால்தான் டாப்லர் வந்தபோது எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள் என்று நினைக்கிறேன். 1980களில் பேர் வாங்கிய ஃப்ளை அது. அதே வெண்கல இழைகளை முதுகில் மட்டும் வைக்காமல் உடலைச் சுற்றிப் போர்வை மாதிரி பரப்பிக் கட்டுவார்கள். பிளந்தால் நல்லது, தண்ணீரில் இன்னும் ஆடும். மல்லார்ட் இறகைப் பழக டாப்லரைக் கட்டுங்கள், பிறகு கன்னிமாராவுக்குப் போங்கள்.

டாப்லர் வகைகள் சிலவற்றில் இரு கன்னத்திலும் ஒரு சின்ன வெளிர்மஞ்சள் பொட்டு இறகைப் பார்த்திருப்பீர்கள். இங்கே ஜங்கிள் காக் என்பார்கள். அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழி. சேவலின் கழுத்து இறகு நுனியில் மெழுகை உருக்கிச் சொட்டு விட்டது போல இருக்கும், விரலால் தடவினால் நகம் மாதிரி வழவழப்பு. ஊருக்குப் போய்வரும் யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் பறவை. பண்ணையில் வளர்த்த கோழிகளின் இறகு இங்கேயே சட்டப்படி விற்கிறது. விலை அதிகம்தான். இல்லாமலும் மீன் பிடிபடும்.

இப்போது உங்கள் கிரீன் பீட்டர். அது பச்சை வயிறுள்ள ஒரு பெரிய செட்ஜ் பூச்சி. ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் சாயங்காலம் நீரின் மேல் ஓடும். பெண் பெசன்டின் சிறகிலிருந்து எடுத்த துண்டை முதுகோடு படியும்படி, கூரை மாதிரி கட்ட வேண்டும். நீங்கள் ஏப்ரலில் அதைப் போட்டுக் காத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பாவம் மீன் என்ன செய்யும்! மார்ச் கடைசி, ஏப்ரலில் காரிப்பில் டக்ஃப்ளை என்ற கொசு போன்ற சின்னக் கறுப்புப் பூச்சிதான் எழும்பும். பன்னிரண்டாம் நம்பரில் மெலிந்த கறுப்பு ஃப்ளை வேண்டும். அப்புறம் ஆலிவ் பூச்சிகள். மே நடுவிலிருந்து ஜூன் முதல் வாரங்கள் வரை மே ஈ. கரையோரப் புதர்களில் ஈசல் மொய்த்த மாதிரி இருக்கும், ஆனால் மண்ணிலிருந்து இல்லை, ஏரியின் அடித்தரையிலிருந்து வருவது. அதற்கு மஞ்சள் உடலும் ஆரஞ்சு இறகும் வைத்த காஸ்லிங் என்ற ஃப்ளையைக் கட்டுவார்கள். சீசன் செப்டம்பர் 30 வரை.

பக்கத்து ஆளுக்கு ஏன் எழும்புகிறது என்பதன் மறுபாதி இதுதான். அவர் மூன்று இடத்துக்கும் ஒரே மாதிரி ஃப்ளை போட்டிருக்க மாட்டார். பாப் இடத்துக்கு இழைகள் முள்ளின் முனையைத் தாண்டும் அளவுக்குப் புதராக ஒன்று, நடுவில் மட்டாக, நுனிக்கு ஒல்லியாக. மேலே இருப்பது அலையைக் கலக்கி மீனைக் கூப்பிடும், பல நாள் வாய் வைப்பது கீழே இருப்பதில். எனவே கட்ட உட்காரும் முன்பே இது எந்த இடத்துக்கு என்று முடிவு செய்யுங்கள். அதே பிபியோவைப் பாப் இடத்துக்கு ஐந்து சுற்று இறகோடும், நுனிக்கு மூன்று சுற்றோடும் கட்டி, பெட்டியில் தனித்தனி வரிசையாக வையுங்கள். இன்னொன்று, இழுத்து முடித்ததும் உடனே தூக்கி வீசாதீர்கள். படகுக்கு இரண்டு மூன்று கஜத்தில் பாப் ஃப்ளையை அலையில் நாலைந்து நொடி நிறுத்தி ஆட்டுங்கள். பின்தொடர்ந்து வந்த மீன் அங்கேதான் முடிவெடுக்கும்.

படகு ஏறும் முன் ஒரு சோதனை. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஃப்ளையை நரம்பில் கட்டி உள்ளே விட்டு, விரலால் அமுக்கி நன்றாக நனையுங்கள். டம்ளரை விளக்குக்கு எதிரே தூக்கிக் கீழிருந்து பாருங்கள். உடலைச் சுற்றி நிறம் ஒரு வளையமாக மின்ன வேண்டும். இழுத்து நிறுத்தினால் இழைகள் மறுபடி விரிய வேண்டும்.

உங்கள் மூன்றில் பிபியோவைக் காப்பாற்றலாம். இறகின் சுற்றுகளில் ஒன்று விட்டு ஒன்றின் இழைகளைக் கத்திரியால் தண்டோடு ஒட்ட வெட்டிவிட்டு, உடலை ஊசியால் நன்றாகக் கிளறி, நடுவில் போடுங்கள். பம்பிளின் தலை கண்ணை அடைத்திருக்கிறது, பிளேடால் அறுத்து முள்ளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிரீன் பீட்டரை அப்படியே ஜூலை வரை வைத்திருங்கள், டம்ளரில் விட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.